கையடக்க லேசர் மீத்தேன் கருவி: ஒரு பயனரின் மதிப்பீடு

எரிவாயுக் குழாய்த் தடங்களில் கசிவு தேடும் பணிக்கு நாங்கள் பயன்படுத்திவரும் கையடக்க லேசர் மீத்தேன் கருவியைக் கொண்டு, பூட்டிய வாயிலுக்கு வெளியே நின்றபடியே உள்ளே சுவரோரம் இருக்கும் மீட்டர் பெட்டியைச் சோதித்துவிடலாம். இந்த ஒரு வசதிக்காகவே கொடுத்த விலை தகும் என்பேன். ஆனால் 1 பிபிஎம்-மீட்டர் (காற்றின் பத்து லட்சம் பங்கில் வாயு எத்தனை பங்கு என்பதை, ஒளி அதைக் கடக்கும் மீட்டர் தூரத்தால் பெருக்கிய அளவு) வரை கண்டறியும் என்று விளம்பரத்தாள் சொல்வதை அப்படியே நம்பி வாங்கக் கூடாது.

கருவி அனுப்பும் லேசர் ஒளி எதிரேயுள்ள சுவரில் பட்டுத் திரும்புகிறது; வழியிலுள்ள மீத்தேன் 1653 நானோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்புக் கதிரை உட்கவர்கிறது. 1 பிபிஎம்-மீட்டர் அளவுள்ள வாயு, தன்னைக் கடந்து செல்லும் ஒளியில் ஏறக்குறைய லட்சத்தில் நான்கு பங்கை மட்டுமே குறைக்கும். லேசரின் ஏற்ற இறக்கம், கை நடுக்கம், சுவரின் நிறம் ஆகியவற்றுக்கு நடுவே இவ்வளவு சிறிய குறைவை நேரடியாக அளக்க வழியில்லை. ஆகவே லேசருக்குச் செல்லும் மின்னோட்டத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை ஏற்றி இறக்கி, அதன் அலைநீளம் மீத்தேனின் உட்கவர் கோட்டை (அது கதிரை உட்கவரும் குறுகிய அலைநீளப் பகுதியை) தாண்டித் தாண்டித் திரும்புமாறு செய்கிறார்கள். ஒவ்வோர் அலைவிலும் அந்தக் கோடு இருமுறை கடக்கப்படுவதால், வாயு இருக்கும்போது இருமடங்கு அதிர்வெண்ணில் ஒரு சைகை எழுகிறது. குறித்த ஓர் அதிர்வெண்ணை மட்டும் வடித்தெடுக்கும் லாக்-இன் பெருக்கி அதை மட்டும் பிரித்தெடுக்கிறது. இரைச்சலில் பெரும்பகுதி தாழ் அதிர்வெண்களில் குவிந்திருப்பதால், லேசரின் திறனைக் கூட்டாமலே நுண்ணுணர்வு வெகுவாக உயர்ந்துவிடுகிறது.

திரும்பி வரும் ஒளியின் அளவால் சைகையை வகுத்துவிடுவதால், வெள்ளைச் சுவரும் செங்கல் சுவரும் ஒரே எண்ணையே தர வேண்டும். எங்கள் கருவியில் சராசரி அப்படித்தான் வருகிறது. ஆனால் மழையில் நனைந்த கருந்தார்ச் சாலையைக் குறிபார்த்தால் ஒளி மிகக் குறைந்து, எண் நிலைகொள்ளாமல் தாவுகிறது. வானத்தை நோக்கினால் அளவே கிடைப்பதில்லை. தூரமும் கணக்கில் வர வேண்டும். காற்றிலேயே 2 பிபிஎம்முக்குச் சற்றுக் குறைவாக மீத்தேன் இருப்பதால், போகும் தூரத்தை மட்டும் கணக்கிடும் இக்கருவி, 20 மீட்டர் தொலைவில் கசிவே இல்லாதபோதும் 40 பிபிஎம்-மீட்டரை ஒட்டிய எண்ணைக் காட்டும். புதியவர்கள் இதைக் கண்டு பதறுகிறார்கள். மெல்லிய நீண்ட புகைபோன்ற பரவலும் அடர்ந்த சிறு கசிவும் ஒரே எண்ணைத் தரலாம் என்பதால், கசியும் இடத்தைத் துல்லியமாகக் குறிக்கப் பழைய முகரும் கருவியையும் சோப்பு நீரையும் இன்னும் கைவிடவில்லை.

சமையலறை சிலிண்டர் கசிவை இது காட்டாது, ஏனெனில் அதில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும். விற்பவர்கள் இதைத் தாமாகச் சொல்வதில்லை.

நுண்ணுணர்வை இன்னும் கூட்ட வேண்டுமெனில், கண்ணாடிகளுக்கிடையே ஒளியைப் பலமுறை ஓடவிட்டுப் பாதையைக் கிலோமீட்டர் கணக்கில் நீட்டும் ஆய்வுக்கூடக் கருவிகள் உண்டு. அவை காற்றை உறிஞ்சி உள்ளே இழுத்து அளப்பவை. வேலிக்கு வெளியே நின்று குறிபார்க்க உதவா. 3.3 மைக்ரோமீட்டரை ஒட்டிய உட்கவர்ச்சி நூறு மடங்குக்கும் மேல் வலுவானது என்றாலும், 1653-க்குத் தொலைத்தொடர்புத் துறையின் மலிவான லேசர் நுட்பமே போதும் என்பதால்தான் கையடக்கக் கருவிகள் அங்கேயே நிற்கின்றன.

வாங்கவிருப்போர் செயல்விளக்கத்தை அறைக்குள் வெள்ளைச் சுவரில் காட்டச் சொல்லாமல், நண்பகலில், 20 மீட்டர் தொலைவில், கருநிறப் பரப்பின் மேல் காட்டச் சொல்ல வேண்டும். அந்த வெயிலில் திரையைப் படிக்க முடிகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.