கோடையில் பனிச்சறுக்கு: ஹின்டர்டுக்ஸா, செர்மாட்டா?

ஆல்ப்ஸில் ஆண்டு முழுவதும் சறுக்க வேண்டுமென்றால் முதலில் வரும் பெயர்கள் இரண்டு: ஆஸ்திரியாவின் ஹின்டர்டுக்ஸ், சுவிட்சர்லாந்தின் செர்மாட்.

உயரத்தில் செர்மாட்டின் கைதான் ஓங்கியிருக்கிறது. அதன் உச்சி கேபிள் கார் நிலையம் 3,883 மீட்டரில், ஹின்டர்டுக்ஸில் 3,250. ஆனால் உயரம் மட்டும் போதாது. 2022 ஜூலை வெப்பத்தில் செர்மாட்டே கோடைச் சறுக்கலை நிறுத்திவைத்தது. உடம்பும் சோதனைக்குள்ளாகும்: சுமார் 1,600 மீட்டரிலுள்ள செர்மாட் ஊரிலிருந்து ஒரேயடியாக மேலே போனால் தலைவலி, குமட்டல் வரலாம். முந்தைய இரவு ஊரில் தங்குங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். தலைவலி கூடினால் மாத்திரை போட்டுச் சமாளிக்காமல் கீழே இறங்கிவிடுங்கள்.

போய்ச் சேர ஹின்டர்டுக்ஸ் எளிது. கேபிள் கார் அடிவாரம் வரை கார் போகும். செர்மாட்டில் பெட்ரோல் கார்களுக்கு இடமில்லை, பக்கத்து ஊரான டேஷில் நிறுத்திவிட்டு ரயிலேற வேண்டும். செலவிலும் செர்மாட் கடிக்கும்.

சறுக்கத் தெரியாதவர் கூட வந்தால்? இரண்டிலும் பனியாற்றுக்குள் பனிக்குகை உண்டு. செர்மாட்டில் கூடுதலாக, 2023 முதல் கேபிள் காரிலேயே இத்தாலியின் செர்வினியாவுக்கு இறங்கலாம்.

இரண்டிலும் கோடைப் பனியின் குணம் ஒன்றே. இரவில் இறுகி, காலையில் கண்ணாடிபோல் வழுக்கும். சறுக்குப்பலகையின் விளிம்பு மழுங்கியிருந்தால் பிடிக்காது. வெயில் ஏறினால் கூழாகிவிடும். ஆகவே முதல் கேபிள் காரைப் பிடியுங்கள். குறியிட்ட பாதையை விட்டு விலகாதீர்கள். பனியாற்றின் ஆழமான வெடிப்புகளை மேல்பனி மூடி மறைத்திருக்கும்.

முதல்முறை போகிறவருக்கு ஹின்டர்டுக்ஸே நம் தேர்வு.