பூச்சாடிக்கு ஜெய்ப்பூரா, குர்ஜாவா?

நாள்தோறும் தண்ணீர் ஊற்றிப் பூ வைக்க ஒரு சாடி வேண்டியிருந்தது. ஜெய்ப்பூரின் நீலப் பாண்டத்தை முதலிலும், உத்தரப் பிரதேசத்துக் குர்ஜாவின் பீங்கானை ஓராண்டு கழித்தும் வாங்கினேன். இன்று பூ இருப்பது குர்ஜா சாடியில்தான்.

அழகில் ஜெய்ப்பூருக்கே முதலிடம் தருவேன். கோபால்ட் தரும் ஆழ்ந்த நீலமும், தாமிர ஆக்சைடு தரும் மயில்கழுத்து நிறமும் வெண்மையான பரப்பில் பளிச்சென்று எழுந்து நிற்கும். நலிந்து கிடந்த அக்கலைக்கு மீண்டும் உயிரூட்டிய கிருபால் சிங் செகாவத்துக்கு 1974-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது மிகவும் பொருத்தமே. குர்ஜாவின் பூவேலை அந்த நுட்பத்தை எட்டுவதில்லை.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது தண்ணீர். ஜெய்ப்பூர்ப் பாண்டம் குயவரின் வழக்கமான களிமண்ணால் ஆனதல்ல. குவார்ட்ஸ் எனும் படிகக்கல்லின் பொடி, கண்ணாடித் தூள், முல்தானி மிட்டி, பிசின் ஆகியவற்றைப் பிசைந்து அச்சில் அழுத்தி, ஏறத்தாழ 800 டிகிரி வெப்பத்தில் ஒரே முறை சுடுகிறார்கள். அந்த வெப்பத்தில் உடற்பகுதி முழுமையாக இறுகுவதில்லை. மேலே படிந்த கண்ணாடி போன்ற பூச்சான மெருகில் மயிரிழை விரிசல் விட்டாலும் நீர் உள்ளே இறங்கிவிடும். என் சாடியின் அடியில் மூன்றாம் மாதமே ஈரம் கசிந்து, மர அலமாரியில் வெள்ளை வளையமாகப் படிந்தது. குர்ஜாவின் கற்பீங்கானோ 1,200 டிகிரியை ஒட்டிச் சுடப்படுவதால் உடலே இறுகிக் கல்லாகிவிடுகிறது. ஊறுகாய் ஜாடிகளுக்கு அவ்வூர் பெயர் பெற்றதும் இதனால்தான். நான்கு ஆண்டுகளாக வாரம் ஒருமுறை உள்ளே தூரிகை விட்டுக் கழுவுகிறேன், இதுவரை கசிவில்லை. வெயிலிலும் மழையிலும் முற்றத்தில் வைத்துப் பார்த்ததில்லை என்பதால், அதற்கு நான் உறுதி கூற முடியாது.

ஜெய்ப்பூர் வேலைப்பாட்டை விரும்புவோர் அதைச் சுவருக்கு வாங்கலாம். குவார்ட்ஸை முதன்மையாகக் கொண்டு செய்யப்பட்ட துருக்கியின் இஸ்னிக் ஓடுகள், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இஸ்தான்புல் சுல்தான் அகமது மசூதியின் உட்சுவர்களில் இன்றும் ஒளிர்கின்றன. உணவு பரிமாற மட்டும் ஜெய்ப்பூர்ப் பாண்டத்தைப் பயன்படுத்த வேண்டாம். மெருகில் ஈயம் கலந்திருக்கக்கூடும்.

கடையில் சாடியைக் கவிழ்த்து, மெருகு படாத அடிவிளிம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். என் ஜெய்ப்பூர்ச் சாடி அதை உடனே உறிஞ்சிக்கொண்டது. குர்ஜா சாடியில் அது முத்துப்போல அப்படியே நின்றது.