ஹட்டன் கடைகளில் விற்கும் நேர்கோட்டு இயக்க டியூட்: கணக்குகளை நம்பலாம், விடைத்தாளை நம்ப முடியாது

ஹட்டன் போட்டோகொப்பிக் கடைகளில் உயர்தரப் பௌதிகவியல் பிள்ளைகள் வாங்கும் டியூட் (பயிற்சித்தாள் தொகுப்பு) இது. எடுத்த எடுப்பிலேயே சூத்திரங்களைக் கொட்டாமல் வேக-நேர வரைபில் தொடங்குகிறது. வரைபின் படித்திறன் (சாய்வு) ஆர்முடுகல், அதாவது வேகம் மாறும் வீதம்; வரைபுக்குக் கீழுள்ள பரப்பு இடப்பெயர்ச்சி. சாதாரண தரத்தில் வரைபோடு நின்ற பிள்ளைக்கு ஏற்ற தொடக்கம்.

பஸ் கணக்கு நல்ல கணக்கு. மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் வரும் பஸ் பிரேக் பிடித்து 45 மீற்றரில் நிற்கிறது. முதலில் 5/18ஆல் பெருக்கி, செக்கனுக்கு 15 மீற்றர் என்று மாற்ற வேண்டும். நேரம் தரப்படாததால் நேரமில்லாத சமன்பாடு (இறுதி வேகம்² = ஆரம்ப வேகம்² + 2 × ஆர்முடுகல் × இடப்பெயர்ச்சி): 0 = 15² + 2 × ஆர்முடுகல் × 45. வருவது −2.5 மீ/செ². 15ஐ 2.5ஆல் வகுத்தால் நிற்க எடுத்த நேரம் 6 செக்கன். சராசரி வேகம் 7.5ஐ 6ஆல் பெருக்கிப் பாருங்கள், 45 வரும். அலகு மாற்றாமல் 54ஐயே போட்டவருக்கு அமர்முடுகல் (வேகம் குறையும் வீதம்) 32.4, புவியீர்ப்பு ஆர்முடுகலின் மூன்று மடங்குக்கு மேல். அந்த பஸ்ஸில் யாரும் சீட்டில் இருக்கமாட்டார்கள்.

அடுத்த பகுதியில்தான் டியூட் சறுக்குகிறது. பிரேக் பிடித்து 8 செக்கனில் எவ்வளவு தூரம்? விடைத்தாளில் 40 மீற்றர். நேரமுள்ள இடப்பெயர்ச்சிச் சமன்பாட்டில் 8ஐப் போட்டால் (15 × 8 − ½ × 2.5 × 8²) 40தான் வரும். ஆனால் பஸ் 6ஆவது செக்கனிலேயே நின்றுவிட்டதே! 40 என்றால் பஸ் 5 மீற்றர் பின்னுக்கு வந்திருக்க வேண்டும். கினிகத்தேனை ஏற்றத்தில் அதற்குப் பெயர் விபத்து. சரியான விடை 45.

சென் கிளேயர் அருவியின் 80 மீற்றர் உயரத்திலிருந்து கல்லை விடும் கணக்கு சுலபம்: புவியீர்ப்பு ஆர்முடுகல் 10 என்றால் 4 செக்கன். (நீருக்கு இது பொருந்தாது, அது பாறையில் மோதி இறங்குகிறது.)

டியூட்டிலேயே சிறந்தது 40 மீற்றர் உயரப் பாறையிலிருந்து செக்கனுக்கு 10 மீற்றரில் கல்லை மேலே எறியும் கணக்கு. மேல்நோக்கிய திசையை நேர்க் குறியாக (+) எடுத்தால் இடப்பெயர்ச்சி −40: −40 = 10 × நேரம் − 5 × நேரம்². நேரம் 4 அல்லது −2. இடப்பெயர்ச்சியின் குறியைத் தவறவிட்டால் மெய்யான தீர்வே வராது, பிழை உடனே தெரியும். ஆரம்ப வேகத்தின் குறியைத் தவறவிட்டால் 2 செக்கன் வரும். பார்க்க ஒழுங்கான விடை, அதனால் அதுதான் ஆபத்து. டியூட் −2ஐக் காரணம் சொல்லாமல் வெட்டிவிடுகிறது. இதே பாதையில் கல் தரையிலிருந்தே கிளம்பியிருந்தால் 2 செக்கனுக்கு முன் கிளம்பியிருக்கும் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

வாங்குமுன் பிரதியைப் புரட்டிப் பாருங்கள். பலமுறை கொப்பி எடுத்ததில் கழித்தல் குறியும் வர்க்கக் குறியும் சில பக்கங்களில் மறைந்திருக்கின்றன. கடையில் தெளிவான மூலப்பிரதி இருந்தால் அதிலிருந்தே எடுத்துத் தரச் சொல்லுங்கள்.