குறைஞ்ச பட்ஜெட்ல முதல் ஸ்கூபா செட்: எதை வாங்கலாம், எதை வாடகைக்கு எடுக்கலாம்

ஓப்பன் வாட்டர்ங்குற ஸ்கூபா ஆரம்ப கோர்ஸ் முடிச்ச கையோட நிறைய பேர் ஃபுல் செட் வாங்கணும்னு கிளம்பிடுறாங்க. ரெகுலேட்டர் (சிலிண்டர் காத்த மூச்சு விட ஏத்த மாதிரி குடுக்குறது), பிசிடி (காத்தடிச்சு மிதப்ப கூட்டிக் குறைக்கிற ஜாக்கெட்), டைவ் கம்ப்யூட்டர், மாஸ்க், ஃபின்ஸ் (கால்ல மாட்டுற துடுப்பு), வெட்சூட் எல்லாம் நல்ல பிராண்ட்ல புதுசா சேர்த்தா ஒரு லட்சத்த ஈஸியா தாண்டும். நம்ம ஊர்ல இருந்து டைவ் பண்றவங்க பெரும்பாலும் பாண்டிச்சேரி, அந்தமான்ல ஹேவ்லாக், மிஞ்சிப்போனா கர்நாடகா பக்கம் நேத்ராணினு போறோம், இங்கெல்லாம் டைவ் காசுலயே கியர் வாடகையும் சேர்ந்துதான் வருது. சொந்த செட் கொண்டுபோனாலும் பெருசா குறைக்க மாட்டாங்க. போதாததுக்கு அந்தமான் ஃப்ளைட்ல சாதாரண டிக்கெட்டுக்கு 15 கிலோ தான் லக்கேஜ். அதனால முதல்ல உங்க முகத்துக்கு, உங்க காலுக்கு, ஆழத்துல மூச்சு விடும்போது உங்க ரத்தத்துல சேருற நைட்ரஜன கணக்கு பாக்குறதுக்குன்னு தனியா வேணும்ங்குற சாமான மட்டும் வாங்குங்க, மத்தத சென்டர் பாத்துக்கும்.

முதல்ல மாஸ்க். இதுல பிராண்ட் பாக்கவே வேணாம், முகத்துக்கு உக்காருதான்னு மட்டும் பாருங்க. ஸ்ட்ராப்ப தலைக்கு மாட்டாம, முடி உள்ள மாட்டிக்காம முகத்துல வச்சு மூக்கால லேசா மூச்ச இழுங்க, கைய எடுத்ததும் விழாம நின்னா அது உங்க மாஸ்க். மீசை வச்சிருக்கவங்களுக்கு மேல் உதட்டுகிட்ட தண்ணி கசியும், அங்க ஸ்கர்ட் (முகத்துல ஒட்டுற ஓரம்) நல்லா மென்மையான சிலிக்கான்ல இருக்குறதா பாத்து எடுங்க. இதனாலயே மாஸ்க்க ஆன்லைன்ல வாங்காதீங்கன்னு சொல்லுவேன், கடைக்கு போய் மாட்டிப் பாத்து வாங்குங்க. கண்ணாடி போடுறவங்க ரெண்டு தனித்தனி லென்ஸ் இருக்குற மாடலா எடுத்தா பவர் லென்ஸ் மாத்திக்கலாம், நிறைய மாடலுக்கு அரை அரை பாயின்ட் வித்தியாசத்துல ரெடியா கிடைக்குது. புது மாஸ்க் லென்ஸ்ல தயாரிப்புல ஒட்டின ஒரு படலம் இருக்கும், அது போகுற வரைக்கும் பனி மூடிக்கிட்டே இருக்கும், ஜெல் இல்லாத வெள்ளை டூத்பேஸ்ட் போட்டு உள்பக்கம் விரலால நல்லா தேச்சு கழுவுங்க, ஒரு தடவைல போகாது, திரும்பத் திரும்ப பண்ணணும்.

அடுத்தது டைவ் கம்ப்யூட்டர், காசு போடணும்னா முதல்ல இங்க போடுங்க. காலைல ஒரு டைவ், அடுத்தது ஒரு டைவ், மறுநாள் மறுபடியும்னு போகும்போது உடம்புல மிச்சம் இருக்குற நைட்ரஜன் கணக்கு முழுக்க அந்த கம்ப்யூட்டர்லதான் இருக்கு. நேத்து நீங்க கட்டியிருந்தத இன்னைக்கு வேற யாரோ கட்டியிருந்தா அந்தக் கணக்கு உங்களது இல்ல. கைடோட கம்ப்யூட்டர நம்பிப் போறதும் எனக்கு சரியாப் படல, அவர் உங்களுக்கு மேல ரெண்டு மூணு மீட்டர்ல மிதந்துட்டு இருந்தா அவர் கணக்கே வேற.

பட்ஜெட்ல எனக்கு பிடிச்சது க்ரெஸி லியோனார்டோ. ஒரே பட்டன், எண்ணெல்லாம் பெருசு பெருசா தெரியும், ஏர், 50 சதவீதம் ஆக்ஸிஜன் வரைக்கும் நைட்ராக்ஸ் (ஆக்ஸிஜன் கூட்டின காத்து), ஆழமும் நேரமும் மட்டும் காட்டுற கேஜ் மோட் மூணும் இருக்கு. பேட்டரி சிஆர்2430, நாமளே மாத்திக்கலாம், தீவுல உக்காந்துட்டு சர்வீஸ் சென்டர் தேட வேணாம், இது ரொம்ப பெரிய விஷயம். ஒரே பட்டன்ங்குறதால நைட்ராக்ஸ் செட் பண்ண அமுக்கிக்கிட்டே போகணும், கொஞ்சம் பொறுமை வேணும், போட்ல அவசரத்துல பண்ணாம ரூம்லயே பண்ணிடுங்க. நைட்ரஜன கணிக்க இது வச்சிருக்குற ஆர்ஜிபிஎம்ங்குற கணக்கு கொஞ்சம் ஜாக்கிரதையான கணக்கு, ஒரே நாள்ல ரெண்டாவது மூணாவது டைவ்ல பக்கத்துல இருக்கவங்க கம்ப்யூட்டர விட அடியில இருக்கறதுக்கு இது கம்மி நேரம் காட்டலாம். புது டைவருக்கு அது நல்லதுதான்னு நினைக்கிறேன். ஷியர்வாட்டர் பெரக்ரின் கலர் ஸ்கிரீனோட அருமையா இருக்கு, ஆனா விலை ரெண்டு மடங்குக்கு மேல, முதல் செட்டுக்கு அவ்வளவு தேவையில்ல. எந்த கம்ப்யூட்டர் வாங்கினாலும் கடைசி டைவுக்கும் ஃப்ளைட்டுக்கும் நடுவுல 18 மணி நேரம் விடுறத மட்டும் மாத்தாதீங்க, போர்ட் பிளேர்ல இருந்து சென்னை ஃப்ளைட் காலைலயா மதியமானு பாத்து அதுக்கு ஏத்த மாதிரி டைவ் புக் பண்ணுங்க.

ஃபின்ஸ்ல மேரஸ் அவாந்தி குவாட்ரோ ப்ளஸ் பத்தி எல்லாரும் நல்லா சொல்லுவாங்க, சரிதான், கடல் நீரோட்டத்துல நல்லா தள்ளும். ஆனா வெயிட்டும் நீளமும் ஜாஸ்தி, பெட்டில பாதி இடத்த புடிச்சிடும். நம்ம ஊர்ல பெரும்பாலும் போட்ல இருந்துதான் குதிக்கிறோம், அதனால பாதம் முழுசா உள்ள போற ஃபுல் ஃபூட் ஃபின்ஸே போதும், பூட்ஸ் காசும் மிச்சம். கரையில இருந்து கல்லு மேல நடந்து இறங்குற இடத்துக்கு போறதா இருந்தா மட்டும் குதிகால்ல ஸ்ட்ராப் போடுற ஓப்பன் ஹீலும் பூட்ஸும் எடுங்க.

வெட்சூட் பத்தி ரொம்ப யோசிக்க வேணாம். தண்ணி 28, 29 டிகிரி இருந்தாலும் உடம்பு சூட்ட காத்த விட இருபது மடங்குக்கு மேல வேகமா தண்ணி இழுத்துடும், மூணாவது டைவ்ல பல்லு தந்தியடிக்கிறது அதனாலதான். 3 மில்லிமீட்டர் சூட் போதும், அக்குள்லயும் இடுப்புக்குப் பின்னாடியும் தொளதொளன்னு இல்லாம இருக்கணும், இல்லேன்னா தண்ணி உள்ள வந்து வந்து போகும். புது நியோப்ரீன் ஜாஸ்தி மிதக்கும், முதல் டைவ்ல வெயிட்ட மறுபடி செக் பண்ணிக்கோங்க.

இப்ப ரெகுலேட்டர். பட்ஜெட் ஆளுங்க இதுல விலைய மட்டும் பாக்குறாங்க, பாக்க வேண்டியது சர்வீஸ். கம்பெனி சொல்ற இடைவெளில கழட்டி, ஓ-ரிங், சீட் எல்லாம் மாத்தணும், அதுக்கு அந்த பிராண்ட்ல ட்ரெயினிங் எடுத்த ஆளும் அந்த பிராண்டோட சர்வீஸ் கிட்டும் (மாத்துற பாகங்க செட்) வேணும். நம்ம ஊர்ல அப்படிப்பட்டவங்க கொஞ்சம் பேர்தான், அதனால கடைல நிக்கும்போதே 'இத எங்க சர்வீஸ் பண்ணுவீங்க, கிட் ஸ்டாக் இருக்கா'னு கேளுங்க. மழுப்பினா வாங்காதீங்க, எவ்ளோ டிஸ்கவுன்ட் குடுத்தாலும் சரி. ஸ்கூபாப்ரோ எம்கே2 ஈவோ, ஆர்195 செட்ட நான் தைரியமா சொல்லுவேன். அன்பேலன்ஸ்டு பிஸ்டன், உள்ள அசையுற பாகம் ரொம்ப கம்மி, கெட்டுப்போக பெருசா ஒண்ணும் இல்ல, வாடகைக்கு விடுற சென்டர்கள் இந்த வகைய விரும்புறதும் அதனாலதான். சிலிண்டர்ல காத்து குறையக் குறைய இழுக்கறதுக்கு லேசா கஷ்டம் தெரியும், பேலன்ஸ்டு மாடல்ல அது வராது, ஆனா ஓப்பன் வாட்டர் லிமிட் 18 மீட்டருக்குள்ள, சிலிண்டர்ல 50 பார் அழுத்தம் மிச்சம் வச்சு மேல வர்ற ஆளுக்கு அது ஒரு குறையே இல்ல. இங்க சிலிண்டர்லாம் பெரும்பாலும் யோக் (வால்வ் மேல கவ்வி இறுக்குற வகை) மாட்டுற மாதிரிதான் வரும், டின் (DIN, வால்வுக்குள்ள திருகுற வகை) ரெகுலேட்டர் வாங்கினா கூடவே அடாப்டரும் வாங்கிடுங்க. ஆன்லைன்ல பேர் தெரியாத பிராண்ட்ல பாதி விலைக்கு வருதே, அதுல ஈஎன்250ங்குற ஐரோப்பிய தர முத்திரை இருக்கான்னு பாருங்க, ஆக்டோபஸா (கூட இருக்குற ஸ்பேர் வாய்ப்பீஸ்) வேற ஒருத்தருக்கும் காத்து குடுக்கணும்னா கடைசில ஏ சேர்த்து ஈஎன்250ஏன்னு இருக்கணும். இல்லேன்னா தயவு செஞ்சு தொடாதீங்க, இது மூச்சு சம்பந்தப்பட்டது.

பிசிடி கடைசி. வெயிட்டும் இடமும் இதுதான் ஜாஸ்தி புடிக்கும், அதுவும் இல்லாம இன்னும் கொஞ்ச நாள் டைவ் பண்ணாதான் உங்களுக்கு ஜாக்கெட் பிடிக்குதா, காத்து முழுக்க முதுகுல நிக்கிற விங் பிடிக்குதானே தெரியும். செகண்ட் ஹேண்ட்ல நல்ல பீஸ் கிடைச்சா எடுக்கலாம், ஃபுல்லா காத்தடிச்சு ராத்திரி முழுக்க அப்படியே விடுங்க, காலைலயும் கும்முனு இருக்கணும். காத்த உள்ள விடுற இன்ஃப்ளேட்டர் பட்டன அமுக்கி விட்டா காத்து உடனே நிக்கணும், ஒட்டிக்கிட்டு காத்து போய்க்கிட்டே இருந்தா அந்த பீஸ் வேணாம். காத்த வெளிய விடுற டம்ப் வால்வ் எல்லாத்தையும் இழுத்துப் பாருங்க, உள்ள கொஞ்சம் தண்ணி ஊத்தி குலுக்கி வெளிய விட்டு உப்புக்கட்டி வருதான்னும் பாருங்க, வந்தா அவங்க கழுவி வச்சதே இல்லன்னு அர்த்தம்.

மிச்சம் காசு இருந்தா ஆக்‌ஷன் கேமரா பக்கம் போகாம ஒரு டிஎஸ்எம்பி (தண்ணிக்கு அடியில இருந்து மேல அனுப்பி நீங்க இருக்குற இடத்த காட்டுற காத்தடைச்ச குழாய்), அதுக்கு நூல் சுத்துன ஒரு சின்ன ரீல், ஒரு விசில் வாங்குங்க. பாண்டிச்சேரி பக்கம் மீன்பிடி போட் நடமாட்டம் ஜாஸ்தி, தண்ணி கலங்கலா இருக்குற நாள்ல குரூப்ப விட்டு தனியா மேல வந்தா நீங்க இருக்குற இடம் போட்காரருக்கு தெரியணும். டிஎஸ்எம்பிய ஆரஞ்சு கலர்ல நல்ல நீளமா இருக்குறதா எடுங்க, தண்ணிக்கு அடியில இருந்து அத மேல அனுப்புறத இன்ஸ்ட்ரக்டர பக்கத்துல வச்சுக்கிட்டு பழகிட்டு அப்புறமா கடல்ல தனியா யூஸ் பண்ணுங்க.