4 இன்ச் லிஃப்ட் பண்ணி 60,000 கி.மீ ஓட்டினதுல தெரிஞ்சுகிட்டது: அதிர்வு டயர்ல இல்ல, ஷாஃப்ட் ஆங்கிள்ல

பிக்கப்ப 4 இன்ச் தூக்கினேன். பின்னாடி பட்டை ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல இரும்பு பிளாக், முன்னாடி லிஃப்ட் கிட். பாக்க கம்பீரமா இருந்துச்சு, மேடு பள்ளத்துல அடி தட்டாம போச்சு. ஆனா 80 தாண்டினதும் சீட்டுக்கு அடியில ஒரு "ம்ம்ம்"னு அதிர்வு ஆரம்பிச்சு, 100ல கண்ணாடியில பின்னாடி வர்ற வண்டியே கலங்கலா தெரியும்.

எல்லாரும் சொன்னபடி டயர்தான்னு நெனச்சு 2 தடவ வீல் பேலன்ஸ் பண்ணேன், ஒண்ணும் மாறல. அப்புறம்தான் ஒரு கணக்கு போட்டு பாத்தேன். என் டயர் சைஸுக்கு 100 கி.மீ வேகத்துல வீல் செகண்டுக்கு 11 சுத்து சுத்தும், டிஃபரன்ஷியல் ரேஷியோ 4.1 (வீல் ஒரு சுத்து சுத்த ஷாஃப்ட் 4.1 சுத்து சுத்தணும்), அப்போ கியர்பாக்ஸ்ல இருந்து பின் ஆக்ஸிலுக்கு போற ப்ரொபெல்லர் ஷாஃப்ட் செகண்டுக்கு 45 சுத்து. ஷாஃப்டோட ரெண்டு முனையிலயும் இருக்கற மடங்குற இணைப்பான கிராஸ் ஜாயிண்ட் மடங்கி நிக்கும்போது ஒரு சுத்துக்கு 2 தடவ வேகம் கூடி கொறையும், அதாவது செகண்டுக்கு 90 துடிப்பு. வீல்ல கோளாறுன்னா ஸ்டியரிங்லயோ பாடியிலயோ மெதுவா ஆடுற மாதிரி இருக்கும், இது ரீங்காரம். இன்னொரு துப்பும் கெடச்சுது, பின்னாடி லோடு ஏத்தினா அதிர்வு பாதியா கொறஞ்சிடும். டயர் பேலன்ஸ் கோளாறு லோடு ஏத்தினதும் இப்படி அடங்காதே!

வண்டிய சமதரையில நிறுத்தி, ஜாக்கில தூக்காம நாலு சக்கரமும் தரையில இருக்கும்போதே ஆங்கிள் மீட்டர் வெச்சு அளந்தேன் (ஜாக்கில தூக்கி ஆக்ஸில் தொங்கும்போது அளந்தா அந்த நம்பருக்கு அர்த்தமே இல்ல). கியர்பாக்ஸ் பின்பக்கம் 4 டிகிரி சரிவு, ஷாஃப்ட் 9 டிகிரி, பினியன் (பின் ஆக்ஸில்ல ஷாஃப்ட் வந்து சேர்ற மூக்கு) 6.5 டிகிரி. அப்போ முன் ஜாயிண்ட்ல 5 டிகிரி மடிப்பு, பின் ஜாயிண்ட்ல 2.5 தான். கோளாறே இதுதான். முன் ஜாயிண்ட் உண்டாக்குற ஏற்ற இறக்கத்த பின் ஜாயிண்ட் அதே அளவுல எதிர்பக்கமா உண்டாக்கி அழிச்சிடணும், அதுக்கு ரெண்டு மடிப்பும் சமமா இருக்கணும், அதாவது கியர்பாக்ஸும் பினியனும் ஒண்ணுக்கொண்ணு இணையா நிக்கணும், 1 டிகிரிக்கு மேல வித்தியாசம் வரக்கூடாது. எனக்கு மொத்தம் 2.5 வித்தியாசம்.

இது எப்படி வந்துச்சுன்னா, பிளாக் போட்டப்போ பினியன் மூக்கு ஷாஃப்ட்ட பாத்து நிமிந்து இருந்தா ஜாயிண்டுக்கு நல்லதுன்னு நானே கேட்டு வாங்கி, தடிச்ச பக்கம் பின்னால வர்ற மாதிரி 2.5 டிகிரி ஆப்பு ஷிம் (ஒரு பக்கம் தடிச்ச தகடு) போட வெச்சேன். பினியன் ஷாஃப்ட்ட நேரா பாக்கணுங்கறது முன்பக்கம் டபுள் கிராஸ் ஜாயிண்ட் (ரெண்டு கிராஸ் ஜாயிண்ட் சேந்தது) உள்ள ஷாஃப்டுக்கு மட்டும்தான் பொருந்தும். என் வண்டில ரெண்டு முனையிலயும் ஒத்த ஜாயிண்ட். ஷிம்ம கழட்டினதும் பினியன் 4க்கு வந்து கியர்பாக்ஸுக்கு இணையாச்சு, அன்னிக்கே நெடுஞ்சாலையில 100ல போனேன், கண்ணாடி கலங்கவே இல்ல. அந்த சந்தோஷத்த சொல்லி மாளாது.

ஆனா கதை அதோட முடியல. ஃபர்ஸ்ட் கியர்ல லோடோட கிளம்பும்போது மட்டும் டக டகன்னு உதறும். பிளாக் இருக்கறதால ஆக்ஸில் ஸ்பிரிங்ல இருந்து தள்ளி நிக்குது, டார்க் (திருப்பு விசை) வந்ததும் பினியன் மூக்கு மேல எழும்பி பட்டைய எஸ் மாதிரி வளைக்குது. 35,000 கி.மீல மெதுவா போகும்போது கீச் கீச்னு குருவி மாதிரி சத்தம் வந்துச்சு. பின் கிராஸ கழட்டி பாத்தா ஒரு பேரிங் கப்போட விளிம்புல சிவப்பா செங்கல் தூள் மாதிரி துரு, கிரீஸ் சுத்தமா காஞ்சு போய், கிராஸ் முனையில ஊசி பேரிங் பதிஞ்ச கோடுகள் வரிசையா, நகத்த வெச்சு தேச்சா தட்டுப்படுது. கிராஸ மாத்திட்டு அப்பவே முடிவு பண்ணி பிளாக்க தூக்கி போட்டுட்டு, 2 இன்ச் கூடுதல் வளைவுள்ள முழு பட்டை செட் போட்டேன். உதறல் நின்னுடுச்சு, ரெண்டு ஜாயிண்டும் இப்போ 3 டிகிரில இருக்கு. ஸ்பிரிங்க ஆக்ஸிலோட இறுக்கி பிடிக்கிற யூ போல்ட் பழச திரும்ப போடாதீங்க, புதுசு போட்டு 800 கி.மீ ஓடினதும் மறுபடி டைட் பாருங்க, எனக்கு நாலுல ரெண்டு லூஸாகி இருந்துச்சு.

முன்பக்கத்துல 4 இன்ச்ல ஆக்ஸில் ஜாயிண்ட் ரொம்ப மடிஞ்சு ரப்பர் பூட் கிழிஞ்சு வீல் உள்பக்கமெல்லாம் கிரீஸ் தெளிச்சிருந்துச்சு. அதையும் 2 இன்ச்சுக்கு எறக்கி, மேல் கன்ட்ரோல் ஆர்ம மாத்தி, காஸ்டர (முன் வீல் திரும்புற அச்சோட சாய்வ) சரி பண்ண பிறகுதான் திருப்பத்துல ஸ்டியரிங் தானா நேராச்சு.

ஒண்ணு கட்டாயம் பாருங்க: பின் ஆக்ஸிலோட லோடு சென்ஸிங் பிரேக் வால்வ் (லோடுக்கு ஏத்த மாதிரி பின் பிரேக்க கூட்டி கொறைக்கிறது) இணைச்சிருந்தா, தூக்கினதும் அது வண்டி காலின்னு நெனச்சு பின் பிரேக்க கொறச்சிடும். என் வண்டில அந்த ராட அட்ஜஸ்ட் பண்ணாமலே பல மாசம் லோடோட ஓடியிருக்கேன், நெனச்சாலே பயமா இருக்கு. பிரேக் ஹோஸ் நீளமும் சஸ்பென்ஷன் முழுசா தொங்கும்போது இழுக்குதான்னு பாத்துக்கங்க. லிஃப்ட் பண்ணப்போறவங்க கழட்டறதுக்கு முன்னாடி கம்பெனி உயரத்துல கியர்பாக்ஸ், ஷாஃப்ட், பினியன் மூணோட ஆங்கிளையும் அளந்து எழுதி வெச்சுக்கங்க, நான் எழுதி வெச்சிருந்தா அந்த ஷிம்மயே போட்டிருக்க மாட்டேன்.