ஆறு எர்த் பிட்டுக்கு காசு கொடுத்தோம், டிரான்ஸ்பார்மருக்கு எர்த்தே இல்ல: கமர்ஷியல் பில்டிங் பாத்துக்குறவங்க படிங்க

கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க. நான் எலக்ட்ரிக்கல் ஆள் இல்ல, ஒரு ஆபீஸ் பில்டிங்கோட மெயின்டனன்ஸ் என் தலையில, அவ்ளோதான். ஒரு வருசத்துக்கு முன்னாடி கம்ப்யூட்டர் லோடுக்காக தனியா ஒரு டிரை டைப் (ஆயில் இல்லாத) டிரான்ஸ்பார்மர் வச்சோம், டெல்டா-ஸ்டார், அதாவது நமக்கு கரண்ட் தர்ற பக்கத்துல மூணு ஃபேஸ் சுருளும் ஒண்ணா சேர்ற ஸ்டார் பாயின்ட்ல இருந்துதான் நியூட்ரல் கிளம்பும். எர்த்திங்கோட சேத்து மொத்த வேலையும் ஒரே கான்ட்ராக்டர்கிட்ட. ஆறு எர்த் பிட், அதாவது எர்த்த மண்ணோட சேக்குற குழி, மூடி போட்டு நம்பர் எழுதி, பெயின்ட் அடிச்சு, பாக்க அவ்ளோ அழகு. டெஸ்ட் ரிப்போர்ட்டும் கொடுத்தாரு. நானும் குழிய எண்ணிப் பாத்து கையெழுத்து போட்டுட்டேன். தப்பு அங்கதான்.

ஒரு மாசத்துல யுபிஎஸ் கத்த ஆரம்பிச்சுது, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல வோல்டேஜ் அதிகம்னு. அளந்தா 87 வோல்ட். நல்ல நிலைமையில ரெண்டு மூணு வோல்ட்டுக்கு மேல இருக்கக் கூடாதாம். கான்ட்ராக்டருக்கு போன் பண்ணா "சார் அது யுபிஎஸ் பிராப்ளம், கம்பெனிக்காரன கூப்பிடுங்க"ன்னாரு. கம்பெனிக்காரன் வந்து எர்த்திங் பிராப்ளம்னான். நடுவுல நான்.

அப்புறம் ஒரு நாள் அதே அளவு 230க்கு போயிடுச்சு, கூடவே ஸ்பைக் கார்டெல்லாம் வரிசையா கருக ஆரம்பிச்சுது. எந்த பிரேக்கரும் டிரிப் ஆகல. டிரிப் ஆகலயே, அப்ப பெருசா ஒண்ணும் இருக்காதுன்னு நானே எனக்கு சமாதானம் சொல்லிக்கிட்டேன், இப்ப நினைச்சா எனக்கே சிரிப்பா வருது. பத்து நாள் கழிச்சு ரெண்டாவது மாடி பேனல்ல டமார்னு ஒரு சத்தம், கதவத் தொறந்தா உள்ள பூரா கரி. நல்லவேளை பக்கத்துல ஆள் யாரும் இல்ல.

கான்ட்ராக்டர் வந்தாரு, பேனல மாத்தினாரு, கூடவே எல்லா மாடி பேனல்லயும் நியூட்ரல் பாரையும் எர்த் பாரையும் (ஒயரெல்லாம் வந்து சேர்ற உலோகப் பட்டைங்க) ஒரு ஒயர் துண்டு போட்டு சேத்துட்டாரு. அலாரம் நின்னுச்சு. நானும் தேங்க்ஸ் வேற சொன்னேன்.

மனசு கேக்காம வெளியில இருந்து ஒரு வயசான எலக்ட்ரீசியன கூட்டிட்டு வந்தேன். அவர் குழிப் பக்கமே போகல. ஒயர சுத்தி மாட்டி கரண்ட் அளக்குற கிளாம்ப் மீட்டர எடுத்து மாடிக்கு போற எர்த் ஒயர்ல மாட்டினாரு, 14 ஆம்பியர் காட்டுது. "எங்கயும் ஃபால்ட் இல்லாதப்ப இதுல இவ்ளோ கரண்ட் ஓடலாமா சார்? உங்க நியூட்ரல் கரண்ட்ல பாதி எர்த் ஒயர்லயும் கேபிள் டிரேலயும் ஊர்வலம் போவுது"ன்னாரு. நியூட்ரலும் எர்த்தும் ஒரே இடத்துலதான் சேரணும், அதுவும் டிரான்ஸ்பார்மர்லயோ அதுக்கு அடுத்த முதல் மெயின் பேனல்லயோ ஏதாவது ஒண்ணுல, ரெண்டு இடத்துலயும் சேக்கக் கூடாது. அதுக்கப்புறம் கடைசி பிளக் வரைக்கும் ரெண்டும் தனித்தனியாத்தான் போகணுமாம்.

அப்புறம் சப்ளைய ஆஃப் பண்ணிட்டு டிரான்ஸ்பார்மர் கவர கழட்டி டார்ச் அடிச்சு காட்டினாரு. ஸ்டார் பாயின்ட்ல இருந்து நியூட்ரல் கேபிள் மட்டும் போவுது. எர்த்துக்கு போக வேண்டிய ஸ்ட்ரிப் இருக்க வேண்டிய இடத்துல போல்ட் ஓட்டை சும்மா பளபளன்னு இருக்கு. அதுல ஒரு தடவ கூட போல்ட் ஏறுனதே இல்ல. பாடி எர்த்துன்னு ஒரு பச்சை ஒயர் இருந்துச்சு, அதையும் பெயின்ட சுரண்டாம அப்படியே மேல வச்சு முறுக்கியிருந்தாங்க, விரல்ல தள்ளினா ஒயர் முனையில இருக்குற லக் (உலோக வளையம்) சுத்துது.

இதுதான் நடந்திருக்கு. டிரான்ஸ்பார்மரோட ரெண்டாவது பக்கம், அதாவது நமக்கு கரண்ட் தர்ற பக்கம், வெளி லைனோட ஒயர் மூலமா ஒட்டாத தனி சப்ளை, அதுக்கு எர்த் நாமதான் கொடுக்கணும். கொடுக்காம விட்டதால மொத்தமும் அந்தரத்துல தொங்கிட்டு இருந்திருக்கு. ஒரு மோட்டார்ல ஒரு ஃபேஸ் பாடிய தொட்டுச்சு, கரண்ட் திரும்பி வர வழி இல்லாததால டிரிப் ஆகல, ஆனா மத்த ரெண்டு ஃபேஸும் எர்த்துக்கு 230ல இருந்து 400க்கு ஏறிடுச்சு. ஸ்பைக் கார்டு கருகுனது அதனாலதான். அப்புறம் வேற ஃபேஸ்ல ஒரு கேபிள் உரசி பாடிய தொட்டப்ப ரெண்டு ஃபேஸும் எர்த் ஒயர் வழியாவே நேருக்கு நேர் மோதிக்கிச்சு. அந்த டமார் அதுதான்.

சரி ஆறு குழி எதுக்குன்னு கேட்டேன். அவர் சொன்ன கணக்குல எனக்கு தலை சுத்திடுச்சு. ஒரு பிட் 5 ஓம்ஸ்னு வைங்க, நல்ல பிட்டுதான் அது, 230 வோல்ட்ல மண்ணு வழியா போறது வெறும் 46 ஆம்பியர். அதுக்கு 100 ஆம்பியர் பிரேக்கர் அசையுமா? ஃபால்ட் கரண்ட் மண்ணு வழியா இல்ல, ஸ்டார் பாயின்டுக்கு உலோகம் வழியாவே திரும்பணும், அப்பத்தான் ஆயிரக்கணக்குல ஓடி உடனே டிரிப் ஆகும். ஐஇசி 60364ன்னு ஒரு சர்வதேச எலக்ட்ரிக்கல் தரவிதி இருக்கு, அது கணக்குப்படி 230 வோல்ட் பிளக் சர்க்யூட்னா 0.4 செகண்ட்ல கட் ஆகணுமாம். குழி வேணும், இடி மின்னலுக்கும் வோல்டேஜ் நிலையா இருக்கவும் வேணும், ஆனா குழி மட்டும் உசுர காப்பாத்தாது.

அந்தக் குழியும் பொய்தான், அது வேற கதை. ரிப்போர்ட்ல ஆறுக்கும் 0.8 ஓம்ஸ், புள்ளி மாறல. மண்ணுல அப்படி வராதுன்னாரு. ஒழுங்கா அளக்க தூரமா ரெண்டு ஸ்பைக் மண்ணுல அடிக்கணுமாம், எங்க பில்டிங்க சுத்தி பூரா கான்கிரீட், ஸ்பைக் அடிச்சத செக்யூரிட்டி உள்பட ஒருத்தரும் பாக்கல. நாலாம் நம்பர் மூடிய தொறந்து ஸ்ட்ரிப்ப இழுத்தேன், கையோட வந்துடுச்சு. ஒரு அடி நீளம், கீழ ஒண்ணுமே இல்ல. மத்ததுல மூணுல உண்மையிலயே பைப் இருந்துச்சு, ரெண்டுல இல்ல.

கான்ட்ராக்டர கேட்டா "பசங்க விட்டுட்டாங்க சார்"னு ஒரே பதில், ஃபைனல் பேமென்ட் எப்பவோ போயிடுச்சு, இப்ப போனே எடுக்குறதில்ல.

வேலை முடிஞ்சுதுன்னு யாராவது சொன்னா சப்ளைய ஆஃப் பண்ணி கவர தொறக்க சொல்லுங்க, ஸ்டார் பாயின்ட்ல இருந்து எர்த் பாருக்கு போற லிங்க கண்ணால பாருங்க, போட்டோ எடுங்க. அந்த எர்த் பார் பில்டிங்கோட மெயின் எர்த்தோட சேந்திருக்கான்னு பாருங்க, டிரான்ஸ்பார்மருக்குன்னு தனியா விட்ட குழியோட நிக்கக் கூடாது. ஃபால்ட் கரண்ட் திரும்பி வர்ற வழியில எவ்ளோ தடை இருக்குன்னு அளக்குற லூப் இம்பீடன்ஸ் டெஸ்ட உங்க முன்னாடியே எடுக்க சொல்லுங்க. பேமென்ட் அதுக்கப்புறம்.

எங்களுக்கு அந்தப் பெரியவர்தான் மாடி லிங்க் எல்லாத்தையும் பிடுங்கிட்டு டிரான்ஸ்பார்மர்ல ஒரே ஒரு லிங்க் போட்டுக் கொடுத்தாரு, இன்சுலேஷன் சோதிக்கிற மெகர் மீட்டர் வச்சு அந்த மோட்டாரையும் கண்டுபிடிச்சு கழட்டி அனுப்பினாரு. நியூட்ரல் எர்த் இப்ப ஒரு வோல்ட்டுக்கு கீழ. அந்த ஒரு அடி ஸ்ட்ரிப்ப மட்டும் பேனல் ரூம் கதவுல கட்டி தொங்க விட்டிருக்கேன், அடுத்து கொட்டேஷன் கொடுக்க வர்றவங்க பாக்கட்டும்னு.