ஜீப் கிராண்ட் செரோக்கி 2014–15: வண்டி நல்ல வண்டி, கியர் லீவர்தான் வினை

2016 ஜூன் 19 அன்று லாஸ் ஏஞ்சல்ஸின் ஸ்டுடியோ சிட்டியில், சரிவான வீட்டுப் பாதையில் நின்றிருந்த 2015 மாடல் கிராண்ட் செரோக்கி பின்னால் உருண்டு வந்து, ஆன்டன் எல்ச்சினைச் செங்கல் தூணோடும் வேலியோடும் வைத்து நசுக்கியது. ‘ஸ்டார் டிரெக்’ படங்களில் செக்கோவாக நடித்த பையன், வயது 27. வண்டியைப் போலீஸார் பார்த்தபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, கியர் நியூட்ரலில் இருந்தது. “ஒழுங்காகப் பார்க்கில் (சக்கரம் உருளாமல் பூட்டும் கியர் நிலை) போட்டுவிட்டு இறங்கியிருக்கலாமே” என்று சொல்லிவிடுவது சுலபம். அந்த லீவரைப் பிடித்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அதே மாடல் இன்றும் அமெரிக்காவில் பழைய கார் விற்பவர்களிடம் கிடைக்கிறது. வாங்க நினைப்பவர்களுக்காக இது.

இன்ஜினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 3.6 லிட்டர் வி6, 290 குதிரைசக்தி, எட்டு கியர் ஆட்டோமேட்டிக். நெடுஞ்சாலையில் கப்பல் மாதிரிப் போகும், சீட்டும் சொகுசு. லீவருக்கு வருவோம்.

சாதாரண ஆட்டோமேட்டிக்கில் லீவரைப் பார்க்குக்குத் தள்ளினால் அங்கேயே நிற்கும். ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் கைக்குத் தெரிந்துவிடும். இந்த இரண்டு வருட மாடல்களில் இருப்பது வீடியோ கேம் குச்சி போன்ற மின்னணு லீவர். பட்டனை அமுக்கித் தள்ளிவிட்டுக் கையை எடுத்தால் நடுவுக்கே திரும்பி வந்துவிடும். எந்த கியரில் நிற்கிறோம் என்பதை லீவர் தலையிலும் டேஷ்போர்டிலும் எரியும் எழுத்துதான் சொல்லும், கைக்கு ஒன்றும் தெரியாது.

டிரைவிலிருந்து பார்க்குக்குப் போக, பட்டனை அமுக்கியபடியே முன்பக்கம் கடைசிவரை தள்ள வேண்டும். வழியில் நியூட்ரலும் ரிவர்ஸும் சின்னச் சின்னத் தடங்கலாகத் தட்டுப்படும். ஒரு தடங்கல் முன்னாடியே கையை விட்டால் ரிவர்ஸ், இரண்டு தடங்கல் முன்னாடி விட்டால் நியூட்ரல். மூன்றிலும் லீவர் வந்து நிற்பது ஒரே இடத்தில்தான். அவசரத்தில் இறங்குகிறவர் எழுத்தைப் பார்க்காமல் விட்டால் அவ்வளவுதான்.

எச்சரிக்கையே இல்லை என்றும் சொல்ல முடியாது. பார்க்கில் இல்லாமல் கதவைத் திறந்தால் மணி அடிக்கும், திரையில் வரி ஓடும். ஸ்டார்ட் பட்டனை அமுக்கினாலும், பார்க்கில் அணைவதுபோல இன்ஜின் அணையாது. இதில்தான் சிக்கல்: அமுக்கியாச்சு, அணைந்திருக்கும் என்று நினைத்து இறங்குகிறவருக்கும், கேட்டைத் திறக்க வேண்டுமென்றே ஓடவிட்டு இறங்குகிறவருக்கும் இந்த ஏற்பாடு எதுவும் செய்வதில்லை. தானாகப் பார்க்குக்கு மாற்றுவதும் கிடையாது. பிரேக்கிலிருந்து கால் எடுத்ததும் இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி சரிவில் உருளும்.

இதெல்லாம் அந்த மரணத்துக்கு அப்புறம் கண்டுபிடித்தது அல்ல. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை 2015 ஆகஸ்டிலேயே விசாரணையைத் தொடங்கியிருந்தது. 2016 பிப்ரவரிக்குள் 121 மோதல்கள், 30 பேருக்குக் காயம் என்று கணக்கு சேர்ந்தது. ஏப்ரலில் உலகம் முழுக்கச் சுமார் 11 லட்சம் வண்டிகளைத் தயாரிப்பு நிறுவனம் ரீகால் செய்தது, அதாவது சரிசெய்து தரத் திரும்ப அழைத்தது. அதே நிறுவனத்தின் 2012–14 டாட்ஜ் சார்ஜரும் கிரைஸ்லர் 300-உம் அதில் அடக்கம். ஆனால் அதைச் சரிசெய்யும் மென்பொருள் டீலர்களின் கைக்கு வர ஜூன் கடைசி ஆகிவிட்டது. ஆபத்து என்று சொல்லிவிட்டு மருந்தை இரண்டு மாதம் கழித்துக் கொடுத்த கதை. இரங்கல் எழுதும் ரசிகர்கள் கோபப்பட வேண்டிய இடம் இதுதான். எல்ச்சினின் பெற்றோர் தொடுத்த வழக்கு 2018-ல் சமரசத்தில் முடிந்தது.

வாங்குவதாக இருந்தால் முதல் வேலை, 17 எழுத்து-எண் கொண்ட சேஸிஸ் நம்பரை அமெரிக்க ரீகால் தளத்தில் போட்டுப் பார்ப்பது. முன் கண்ணாடியின் கீழ் மூலையில் அந்த நம்பர் இருக்கும். இந்த லீவருக்கான எஸ்27 என்ற ரீகால் பாக்கி என்று காட்டினால் டீலரிடம் இலவசமாகச் செய்துகொள்ளலாம். விற்பவர் “செய்தாச்சு” என்று வாயால் சொல்வதை ஏற்காதீர்கள், ரசீது கேளுங்கள்.

அப்புறம் சமதளத்தில், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து ஒரு சோதனை. வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக்கூடாது. இன்ஜினைப் போட்டு, பிரேக்கை மிதித்தபடி டிரைவுக்கு மாற்றுங்கள். சீட் பெல்ட்டைக் கழற்றி, டிரைவர் கதவைத் திறந்து, பிரேக்கிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். கால் பெடலுக்கு மேலேயே தயாராக இருக்கட்டும், இறங்க வேண்டாம். திருத்தம் செய்த வண்டி தானே பார்க்குக்குப் போய்விடும், எழுத்தும் மாறும். மாறவில்லை என்றால் விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இந்தத் திருத்தத்திலும் ஓர் ஓட்டை உண்டு. பெல்ட் மாட்டியிருந்தாலோ கதவு சரியாகத் திறக்காமல் இருந்தாலோ அது வேலை செய்யாது. கரடுமுரடான பாதைக்கான குறைந்த கியர் நான்கு சக்கர இயக்கத்தில் போட்டிருக்கும்போதும் அப்படித்தான். ஆகவே இடது காலுக்குக் கீழே இருக்கும் பார்க்கிங் பிரேக் பெடலை நம்புங்கள். பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலில் போட்டு, அந்தப் பெடலை அழுத்தி, பிறகு பார்க்குக்கு மாற்றினால் எடை முழுவதும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சின்னப் பல்லின் மேல் விழாது. பழைய வண்டியில் இந்தப் பெடல் கேபிள் தளர்ந்திருப்பது சகஜம். கடைசிவரை மிதித்தும் சரிவில் வண்டி நகர்ந்தால் கேபிளையும் பின் பிரேக்கையும் சரிபார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும்.

பட்ஜெட் கொஞ்சம் இளகினால் 2016 மாடல் பாருங்கள். அதில் தள்ளிய இடத்திலேயே நிற்கும் லீவர் வந்துவிட்டது.